தேறியதும் குணமானதும்

மேலநீலிதநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டு வழியே அரை மணி நேரம் நடந்தால் எங்கள் மாமாவின் ஊர் வரும். மானாவாரியில் உளுந்தும் சோளமும் போட்டு, நாலு ஆடு வைத்துப் பிழைப்பவர். வைகாசித் தொடக்கத்தில் நான் போய்ப் பார்த்தபோது கயிற்றுக் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். எடை 41 கிலோ. மூன்று மாத இருமல். சாயந்திரமானால் காய்ச்சல். விடியற்காலையில் தலைமாட்டுத் துண்டைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாகி, மாத்திரை தொடங்கி அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

ஆடித்தபசுக்கு மறுபடி ஊருக்குப் போனேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து ஆட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. தபசுக் காட்சி பார்க்கச் சங்கரன்கோவிலுக்கு அவரே கிளம்பி நின்றார். அத்தைதான் என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு, உத்தரத்தில் செருகியிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "பத்து நாளா தொடலய்யா. நீயாவது சொல்லு" என்றார். மாமாவிடம் கேட்டேன்.

"அதான் சரியாப் போச்சே மருமவனே. இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, ரெண்டு வேளை சோறு இறங்குது. இன்னும் எதுக்கு இத முழுங்கணும்? ஒண்ணுக்குப் போனா ரத்தம் மாதிரி போவுது, அதப் பாத்தாலே பயமா இருக்கு."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. காய்ச்சல் மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறோம், வயிற்று வலி மருந்தை வலி நின்றதும் மூடி வைக்கிறோம். உடம்பு சொல்வதைக் கேட்டு நடப்பதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் நம் பேச்சில் இரண்டு சொற்கள் உண்டு. ஆள் தேறிவிட்டார் என்போம். நோய் குணமாகிவிட்டது என்போம். பெரும்பாலான நோய்களில் இரண்டும் கூடவே வருவதால் வித்தியாசம் தெரிவதில்லை. நுரையீரல் காசநோயில் ஆள் தேறுவது ஒன்றிரண்டு மாதத்தில். நோய் குணமாவது ஆறு மாதத்தில். நடுவில் இருக்கும் அந்த நாலு மாதத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஆள் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேறுகிறார்? காய்ச்சல், வியர்வை, பசியின்மை, உருகிப்போகும் உடம்பு ஆகியவற்றில் பெரும்பகுதியைச் செய்வது நம் உடம்பேதான். கிருமியோடு மல்லுக்கட்டும் எதிர்ப்பு அணுக்கள் இரத்தத்தில் சில வேதிப்பொருள்களை விடுகின்றன. அவை மூளைக்குப் போய்ச் சூட்டை ஏற்றுகின்றன, பசியை அடக்குகின்றன, தசையைக் கரைக்கின்றன. எலும்புருக்கி என்று முன்னோர் பெயர் வைத்தது இதைப் பார்த்துத்தான். கிருமிக் கூட்டம் பெருமளவு குறைந்ததும் சண்டையின் சூடும் குறைகிறது. முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத்திலோ காய்ச்சல் தணியும், பசி எடுக்கும். பிறகு இருமல் இறங்கும். நோயாளி கண்ணாடியில் தன் பழைய முகத்தைப் பார்ப்பார்.

நுரையீரலுக்குள் நடப்பது வேறு கணக்கு. முற்றிய நோயில் நுரையீரலில் ஓட்டை விழும். டாக்டர்கள் கேவிட்டி என்பார்கள். ஒரே ஓட்டையின் சுவரில் பத்துக் கோடிக் கிருமிகள்கூட இருக்கலாம். காற்று தாராளமாகக் கிடைக்கும் இடம் என்பதால் அவை அங்கே செழிப்பாகப் பெருகுகின்றன. செழிப்பு என்றாலும் வேகம் குறைவுதான். குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் வேண்டும்.

மாத்திரை உள்ளே போனதும் முதலில் அடிப்பது ஐசோனியாசிட். பெருகிக்கொண்டிருக்கும் கிருமியின் மெழுகுச் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது இதன் வேலை. முதல் இரண்டு நாளிலேயே, சளியில் உயிரோடு இருக்கும் கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இது ஒன்றே கொன்றுவிடும். சரியான மருந்து தொடங்கிய சில நாளிலேயே நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றும் ஆபத்து வேகமாகக் குறைவதும் இதனால்தான்.

மீதியிருக்கும் கிருமிகளில் பல பெருகுவதே இல்லை. சில, அழற்சியால் அமிலம் ஏறிய இடங்களில் பதுங்கிக் கிடக்கின்றன. சில, எதிர்ப்பு அணுவின் வயிற்றுக்குள்ளேயே உயிரோடு இருக்கின்றன. வேறு சில நாள்கணக்கில், வாரக்கணக்கில் தூங்கி, எப்போதாவது ஒரு மணி நேரம் விழித்து மறுபடி தூங்குகின்றன. சுவர் கட்டாத கிருமியைச் சுவரைத் தடுக்கும் மருந்து என்ன செய்யும்? அமிலத்தில் கிடப்பவற்றைப் பைரசினமைடு தேடிக் கொல்கிறது. தூங்கி விழிப்பவை கண் திறக்கும் அந்தச் சிறு நேரத்தில் பிடிப்பது ரிஃபாம்பிசின். அவை எப்போது கண் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ரிஃபாம்பிசின் தினமும் இரத்தத்தில் காத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில். பின்னால் சொல்லப்போகும் மதராஸ் காசநோய் ஆய்வுகளின் ஆய்வகப் பணிக்கு லண்டனில் இருந்தபடியே வழிகாட்டிய டெனிஸ் மிச்சிசன், ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு வகைக் கிருமி இலக்கு என்ற இந்த விளக்கத்தைக் கொடுத்தார்.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்ல முடியாது. நான் சொன்னது வேறு. "மாமா, காட்டுல கோரையச் செதுக்குறீங்க. மேல பச்சை போயிருது. கிழங்கு?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கரிசல் காட்டில் கோரையோடு போராடியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பாதியில் நிறுத்தினால் கிழங்கு மறுபடி முளைப்பதோடு நிற்காது. முளைப்பது பழைய கோரையாகவே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. கிருமிகள் பெருகும்போது தற்செயலாகச் சில, ஒரு மருந்துக்கு மசியாதவையாகப் பிறக்கும். ஐசோனியாசிட்டுக்கு மசியாதது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு மசியாதது பத்துக் கோடியில் ஒன்று. அப்படியானால் பத்துக் கோடிக் கிருமி உள்ள ஓட்டையில், மருந்து தொடங்கும் முன்னரே ஐசோனியாசிட்டுக்கு மசியாத நூறு கிருமிகள் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் மசியாதது ஒன்று பிறக்க ஒரு கோடி கோடிக் கிருமிகள் வேண்டும். அவ்வளவு யார் உடம்பிலும் கிடையாது. பல மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதன் கணக்கு இதுதான். ஒரு மருந்தை விட்டு ஒன்றைச் சாப்பிடுவதும், நாள் விட்டு நாள் நினைத்தபோது சாப்பிடுவதும் மசியாத அந்த நூறையும் நாமே பொறுக்கி வளர்ப்பதாகும்.

உலகம் இந்தப் பாடத்தைப் படித்தது 1948இல். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அந்த ஆண்டு ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்றவர்கள் 55 பேர், படுக்கை ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52 பேர். ஆறு மாதத்தில் முதல் கூட்டத்தில் இறந்தவர்கள் 4 பேர், இரண்டாவதில் 14 பேர். காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது என்று உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் ஐந்து ஆண்டு கழித்து எண்ணியபோது முதல் கூட்டத்தில் 32 பேரும், இரண்டாவதில் 35 பேரும் போயிருந்தார்கள். ஆறு மாதத்தில் கண்ட பெரிய வித்தியாசம் அநேகமாகக் கரைந்திருந்தது. மருந்து வேலை செய்தது, ஆட்கள் தேறினார்கள். பிறகு மசியாத கிருமி மேலெழுந்து அவர்களைக் கொண்டுபோயிற்று. ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் தேறியவர்கள் பிழைத்தும் இருந்தார்கள்.

அதே 1948இல்தான் எங்கள் திருநெல்வேலிச் சீமையின் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 42. ஐசோனியாசிட் வந்தது 1952இல். அவருடைய சிறுகதைகளை எடுக்கும்போதெல்லாம் அந்த நாலு ஆண்டு என் மனத்தில் வந்து நிற்கும்.

மருந்து வந்தபின் அடுத்த கேள்வி, அதை எங்கே வைத்துக் கொடுப்பது என்பது. அதுவரை காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் ரயில் நிலையத்தில் இருக்கிறது. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, கறி, கூடவே நர்சு. பணக்கார நாடுகளில் இவை இல்லாமல் சிகிச்சையே இல்லை என்று நம்பினார்கள். இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கோ சானடோரியக் கட்டில்கள் ஒரு மூலைக்கும் போதாது. கட்டில் கிடைக்கும்வரை காத்திருந்தே இறந்தவர்கள் எத்தனையோ பேர்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் கூடி மதராஸில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கின. லண்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் வந்தார். நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் தங்கள் வீட்டுக்கு. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிட்டும் பாஸும், ஓர் ஆண்டு.

வீட்டில் இருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். பெரிய குடும்பம் முழுவதும் ஒரே அறையில். சானடோரியத்தில் கிடைத்த சாப்பாட்டில் பாதிகூட இல்லை. ஓய்வும் இல்லை, நடக்க முடிந்ததும் வேலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும். பாஸ் மருந்தோ கிராம் கணக்கில் விழுங்க வேண்டியது, குமட்டும். மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கி மருந்து இறங்கியிருக்கிறதா என்று சோதித்தார்கள். நோயாளி மேல் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. மனிதர்கள் மாத்திரையை மறப்பது இயல்பு என்று அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். நோயாளி ஒழுங்காக மருந்து சாப்பிட வேண்டியது அவருடைய பொறுப்பு என்று விட்டுவிடாமல், சாப்பிட வைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்ற எண்ணம் வேரூன்றிய இடங்களில் மதராஸ் முக்கியமானது. இன்று உலகெங்கும் ஆள் பார்க்க மாத்திரை விழுங்கும் ஏற்பாடு இருக்கிறதே, அதற்கு முன்னோடி ஆய்வுகள் இங்கேயும் ஹாங்காங்கிலும் நடந்தவை.

முடிவு 1959இல் வெளிவந்தது. ஓர் ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் நூற்றுக்கு 86, சானடோரியத்தில் 92. சானடோரியத்தார் அதிகம் எடை போட்டிருந்தார்கள், கொழுகொழு என்று திரும்பி வந்தார்கள். ஆனால் ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது வீட்டில் 90, சானடோரியத்தில் 89. வித்தியாசமே இல்லை. ஒரே அறையில் படுத்துக் கிடந்த மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாக ஒட்டிக்கொண்டதா என்றால், அதுவும் இல்லை. ஒட்ட வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே ஒட்டிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் வீட்டாருக்கு வரும் ஆபத்து சிறியது.

இந்த ஆய்வின் பலனை அனுபவித்தவர்களைக் கணக்கிட முடியாது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டன. நோயாளி வீட்டிலேயே, குடும்பத்தோடு, தொழிலோடு இருந்து குணமாகலாம் என்று ஏழை நாடுகள் துணிந்தன. மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையமாகவும், 2011இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் பெயர் மாறி, இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது. சேத்துப்பட்டு வழியாகப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இதற்கு ஒதுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஒரே மருந்து எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி நிற்பதில்லை என்பதையும் மதராஸ் ஆய்வுகள் காட்டின. ஐசோனியாசிட்டைக் கல்லீரல் சிலருக்கு மெதுவாகவும் சிலருக்கு வேகமாகவும் செயலிழக்கச் செய்கிறது. இது பிறப்பிலேயே அமைவது. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது வேகக்காரர்கள் பின்தங்கினார்கள். தினமும் சாப்பிட்டால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இந்தியாவில் பல ஆண்டு வாரத்துக்கு மூன்று நாள் கொடுத்த மாத்திரையை 2017 முதல் தினசரி என்று மாற்றியது நல்ல காரியம்.

இன்றைய முறை இப்படி. மருந்துக்கு மசியும் சாதாரண நுரையீரல் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் நான்கும். அடுத்த நாலு மாதம் பைரசினமைடு தவிர மற்ற மூன்றும். எல்லாம் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்தே இருக்கும்; எத்தனை மாத்திரை என்பது நோயாளியின் எடையைப் பொறுத்தது. மாமா பயந்த அந்தச் சிவப்பு, ரிஃபாம்பிசினின் நிறம். ஆரஞ்சும் சிவப்பும் கலந்தாற்போலச் சிறுநீரில் போகும், கண்ணீரிலும் வியர்வையிலும்கூட லேசாகத் தெரியலாம். மருந்து உடம்பில் சேர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் இரண்டு மாதம் மனத்துக்குள் வைத்துப் புழுங்கியிருக்க மாட்டார். பயப்பட வேண்டியவை வேறு: கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகி வாந்தி வருவது, நிறம் பிரித்துப் பார்க்க முடியாமல் பார்வை மங்குவது, உள்ளங்கால் மரத்துப் போவது. இவற்றில் எது வந்தாலும் தானாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரக்கூடாது; அன்றே டாக்டரிடம் போக வேண்டும். மாற்று வழி அவரிடம் உண்டு.

நோய் மருந்துக்கு மசிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் எக்ஸ்ரேயைத்தான் நம்புகிறார்கள். எக்ஸ்ரே மெதுவான சாட்சி. கிருமி செத்த பிறகும் நிழல் மாதக்கணக்கில் நிற்கும். சிலருக்குத் தழும்பு ஆயுளுக்கும் போகாது. நோயைக் கண்டுபிடிக்க மிக நன்றாக உதவும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள்கூட இங்கே கைகொடுப்பதில்லை. அவை தேடுவது கிருமியின் மரபணுவை. செத்த கிருமிக்கும் மரபணு உண்டே.

நம்பத் தகுந்த சாட்சி சளிதான். விடியற்காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழ மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி. எச்சில் உதவாது. ஆய்வகத்தில் அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவுவார்கள். மற்றக் கிருமிகள் சாயத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமி தன் மெழுகுத் தோலால் சாயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சியாக நுண்ணோக்கியில் தெரியும். ஒரு மில்லி சளியில் ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் இப்படிக் கண்ணில் படும். அதனால்தான் சளியில் ஒன்றுமில்லை என்ற சீட்டு வந்த பின்னும் உள்ளே கிருமி இருக்க இடமுண்டு. மாமாவுக்கு ஆரம்பத்தில் சீட்டில் மூன்று பிளஸ். இரண்டு மாத முடிவில் நெகட்டிவ். அவர் அந்தச் சீட்டைத்தான் குணச் சான்றிதழாக எடுத்துக்கொண்டார்.

சிலருக்கு இரண்டாம் மாத முடிவிலும் சளியில் கிருமி நிற்கும். அதைக் கேட்டதும் மனம் உடைய வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே ஓட்டைகள் பெரிதாக இருந்திருக்கலாம், கட்டுப்படாத சர்க்கரை நோய் இருக்கலாம், பீடியும் குடியும் நிற்காமல் இருக்கலாம், மாத்திரை விட்டு விட்டுப் போயிருக்கலாம். இல்லையென்றால் கிருமியே மருந்துக்கு மசியாததாக இருக்கலாம். அதை மறுபடி சோதித்துப் பார்த்துவிடுவார்கள். மசியாத வகைக்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டு ஊசியும் மாத்திரையுமாக வதைபட்ட காலம் போய், பெடாகுயிலின், ப்ரெட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் சேர்ந்த ஆறு மாத வாய்வழிச் சிகிச்சைக்கு 2024இல் இந்தியா ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் இருக்கும் அளவுக்கு, காசநோயாளி ஒவ்வொருவருக்கும் சர்க்கரையும், சர்க்கரை நோயாளி இருமினால் சளியும் பார்த்தே ஆக வேண்டும்.

மருந்து இவ்வளவு நன்றாக வேலை செய்தும் ஏன் இன்னும் இறக்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023இல் இந்தியாவில் காசநோயால் இறந்தவர்கள் 3 லட்சத்துக்கு மேல். சிகிச்சையில் இருந்து இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறக்கிறார்கள். மருந்து கிருமியைக் கொல்ல நேரம் எடுக்கிறது. அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க அந்த உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

இங்கேதான் மதராஸ் ஆய்விலிருந்து கிளம்பிய ஒரு தவறான எண்ணத்தைச் சொல்ல வேண்டும். நல்ல சாப்பாடு இல்லாமலும் குணமானார்கள் என்றதும், சாப்பாடு இரண்டாம் பட்சம் என்று வெகுகாலம் விட்டுவிட்டோம். ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கி டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு அதைத் திருத்தியது. சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கேற்றது. 2,800 நோயாளிகள், ஐந்தில் நாலு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பை கொடுத்தார்கள்: அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய். முதல் இரண்டு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து நூற்றுக்கு அறுபது அளவுக்குக் குறைவாக இருந்தது. 40 கிலோக்காரருக்கு அது வெறும் 2 கிலோ. வீட்டாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்த குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது குறைந்தது. 2023இல் முடிவு வெளிவந்தபோது, ஒரு மூட்டை அரிசி செய்த வேலையைப் படித்து எனக்குக் கண் நிறைந்தது.

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்தது. நோய் உறுதியானதும் ஐந்து விஷயம் பார்க்கிறார்கள். உயரத்துக்கு எடை மிகவும் குறைவா? காலில் வீக்கமா? மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேலா? விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லையா? எடை மெஷின், அளவுகோல், கைக்கடிகாரம், விரல் கருவி, இவ்வளவு போதும். பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம், டாக்டரே வேண்டும் என்பதுகூட இல்லை. நர்சம்மா ஒருவர் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். இவற்றில் ஆபத்து தெரிந்தவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் வார்டில் சேர்த்து, மூச்சுக்கும் உணவுக்கும் வழி செய்கிறார்கள். எல்லோரும் சானடோரியம் போக வேண்டாம் என்று காட்டிய மாநிலம், யார் கட்டாயம் போக வேண்டும் என்பதையும் இப்போது பிரித்துக் காட்டியிருக்கிறது. இந்த இரண்டாவது வேலையை முதல் வேலைக்குச் சமமாக மதிக்கிறேன்.

மாமாவை மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். விட்ட நாள் பத்துதான் என்பதால் சளியை மறுபடி பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடரச் சொன்னார்கள். அன்றிலிருந்து மாத்திரை அட்டை உத்தரத்திலிருந்து இறங்கி அத்தையின் அஞ்சறைப்பெட்டிக்குள் போயிற்று. காலையில் அவர் முன்னால் விழுங்கினால்தான் மாமாவுக்குக் காப்பி. நோயாளியின் வங்கிக் கணக்குக்கு அரசு போடும் ஊட்டச்சத்துப் பணம் 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகக் கூடியது. அது வந்த மாதமெல்லாம் அத்தை முட்டையும் நிலக்கடலையும் வாங்கினார். உளுந்தங்காட்டில் களையெடுப்பு நடந்த நாளில் கடைசி அட்டை தீர்ந்தது. கடைசிச் சளியும் நெகட்டிவ். எடை 49 கிலோ. எக்ஸ்ரேயில் வலது பக்க மேல் நுனியில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. ஏற்றத்தில் ஆட்டை ஓட்டும்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. நோய் போய்விட்டது. முதல் இரண்டு ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், அவர் நன்றாகத் தேறி, சிரித்துப் பேசி, வேலைக்குக் கிளம்பும் நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி எண்ணிப் பாருங்கள். கணக்கு இடித்தால் கோபிக்காமல், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். போக வழியில்லை என்றால் 1800 11 6666 என்ற எண்ணுக்கு அழையுங்கள்; அழைப்பும் இலவசம், சளிப் பரிசோதனையும் இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம்.